பிள்ளையின் இருதயத்தில் ஓட்டை: எக்கோ அறை வாசலில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஓர் எக்கோ அறையில் 17 வருஷமாக வேலை பார்க்கிறேன். நான் டாக்டர் இல்லை, டெக்னீஷியன். பிள்ளையின் நெஞ்சில் ஜெல் தடவி, புரோபை (ஒலியை அனுப்பி வாங்கும் கைக்கருவியை) வைத்து, படம் பிடித்து, அளந்து கொடுப்பது என் பாடு. பார்த்து முடிவு சொல்வது குழந்தைகள் இருதய டாக்டர். ஆனால் கேள்விகள் என்னவோ என்னிடம்தான் வரும். டாக்டர் முன்னால் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "எக்கா, அவிய என்ன சொன்னாவ?" என்பார்கள்.

வள்ளியூர், அம்பை, முக்கூடல், உவரி என்று எங்கிருந்து வந்தாலும் சந்தேகம் ஒன்றுதான். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிவைத்தேன். உங்கள் பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

எக்கோன்னா என்னதுக்கா? எக்ஸ்ரே மாதிரியா? பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா?

ஒன்றும் ஆகாது. எக்ஸ்ரேயில் கதிர் உண்டு. எக்கோ வெறும் ஒலி, நம் காதுக்கு எட்டாத ஒலி. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டால் திரும்பி வருகிறதே, அதேதான். புரோபிலிருந்து போகும் ஒலி இருதயச் சுவரிலும் வால்விலும் பட்டுத் திரும்பும். எவ்வளவு நேரத்தில் திரும்பியது என்பதை வைத்து இயந்திரம் படம் போடும். மாசமாக இருக்கும்போது வயிற்றில் எடுக்கும் ஸ்கேனும் இந்த வகைதான். திரும்பத் திரும்ப எடுத்தாலும் பயம் இல்லை.

உவரிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அப்பா திரையைப் பார்த்தவுடன், "இது எங்க போட்டுல மீன் பாக்குற மிஷின்லா!" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. 1953-ல் சுவீடனில் எட்லர் என்ற டாக்டரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியல்காரரும் முதன்முதலாக இருதயத்தை ஒலியால் பார்த்தபோது, அவர்கள் இரவல் வாங்கியது கப்பல் கட்டும் தளத்தில் இரும்பில் விரிசல் பார்க்க வைத்திருந்த கருவியைத்தான்.

இவன் தொட்டாலே அழுவான். மருந்து குடுத்துத் தூங்க வச்சுதான் எடுக்கணுமா?

கைக்குழந்தைக்குப் பெரும்பாலும் வேண்டாம். அம்மா மடியில் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிடுவோம். நாலைந்து வயதுக்கு மேல் என்றால் செல்போனில் பொம்மைப் படம் போதும். நடுவில் இருக்கும் ஒன்று முதல் மூன்று வயதுதான் பாடு. அழும் பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்கும், நுரையீரல் குறுக்கே வந்து படத்தை மறைக்கும், துடிப்பும் எகிறும். அந்த நிலையில் அளந்த அளவை நம்பி யாரும் கத்தி எடுக்க மாட்டார்கள். அதனால் சிரப்போ மூக்கில் அடிக்கும் மருந்தோ கொடுத்து, விரலில் கிளிப் மாட்டி, தூங்க வைத்து எடுப்பது உண்டு. அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் பால், சோறு கொடுக்கக் கூடாது என்று சொல்லியனுப்புவார்கள். அதை மட்டும் "பாவம், பசிக்கும்" என்று மீறாதீர்கள். மயக்கத்தில் வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

இன்னொன்று, பஸ்ஸில் தூங்க விடாதீர்கள். வள்ளியூரில் ஏறியதும் தூங்கிய பிள்ளை வண்ணார்பேட்டையில் முழித்தால், அப்புறம் எந்த மருந்துக்கும் மசியாது. வருகிற அன்றைக்கு நெஞ்சில் எண்ணெய், பவுடர் வேண்டாம். தாயத்துக் கயிற்றைக் கழற்றச் சொல்ல மாட்டேன், முதுகுப் பக்கம் தள்ளிக்கொள்வேன். கடைசியில் கழுத்துக் குழியில் புரோபை வைத்து ஒரு படம் எடுப்போம். தோளுக்கடியில் துண்டை மடித்து வைத்துத் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டும். எந்தப் பிள்ளைக்கும் அது பிடிக்காது. ஆனால் மகாதமனியின் வளைவில் சுருக்கம் இருக்கிறதா என்பது அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.

திரையில செவப்பும் நீலமும் ஓடுதே, அந்த நீலம் கெட்ட ரத்தமா?

இல்லை. இந்தக் கேள்விக்கே தனியாக ஒரு போர்டு எழுதி மாட்டலாம் என்று தோன்றும். புரோபை நோக்கி வரும் ரத்தத்துக்கு இயந்திரம் சிவப்பு அடிக்கும், விலகிப் போகும் ரத்தத்துக்கு நீலம் அடிக்கும். வேறு அர்த்தம் இல்லை. புரோபைத் திருப்பிப் பிடித்தால் சிவப்பே நீலமாகும். பல நிறம் கலந்து பொரிப் பொரியாகத் தெரிந்தால், அங்கே ரத்தம் வேகமாகப் பீய்ச்சுகிறது அல்லது சுழல்கிறது என்று பொருள். ஓட்டையைத் தேடும்போது எங்கள் கண் போவது அந்தப் பொரிக்குத்தான்.

ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று எக்கோவால் சொல்ல முடியாது. அதற்கு விரலில் மாட்டும் கிளிப் வேண்டும்.

பொறந்தப்ப நல்லாருக்குன்னு சொல்லித்தான அனுப்புனாங்க. ரெண்டு மாசத்துல ஓட்டை எப்படி வந்துச்சு?

வரவில்லை, பிறக்கும்போதே இருந்தது. கீழறைகளுக்கு நடுச்சுவரில் ஓட்டை இருந்தால் வி.எஸ்.டி., மேலறைகளுக்கு நடுவே என்றால் ஏ.எஸ்.டி. பிறந்த முதல் நாட்களில் நுரையீரல் ரத்தக் குழாய்கள் இறுகித்தான் இருக்கும். இரண்டு பக்கமும் அழுத்தம் ஏறக்குறைய சமம் என்பதால் பெரிய ஓட்டையிலும் ரத்தம் அதிகம் பாயாது. பாயாவிட்டால் சத்தமும் வராது, ஸ்டெதாஸ்கோப்பில் ஒன்றும் கேட்காது. நாலைந்து வாரத்தில் நுரையீரல் குழாய்கள் இளகும்போது ரத்தம் அந்தப் பக்கம் கொட்ட ஆரம்பிக்கும். பிள்ளைக்கு மூச்சு வாங்கும். ரெண்டு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு நிறுத்தும், பால் குடிக்கும்போது நெற்றி வேர்க்கும், எடை ஏறாது. இதை மாந்தம் என்றும் தொக்கம் விழுந்திருக்கிறது என்றும் ஒரு மாசத்தை ஓட்டிவிட்டு வருபவர்கள் இன்றைக்கும் உண்டு. அவர்களைத் திட்டுவதில் பிரயோசனம் இல்லை. "பால் குடிக்கையில் வேர்க்குதா?" என்று அவர்களிடம் யாரும் கேட்டதில்லை.

பிறந்து 24 மணி நேரம் ஆனதும் வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிஜன் பார்க்கும் சோதனை வேறு கதை. 95-க்குக் குறைந்தாலோ, கைக்கும் காலுக்கும் 3-க்கு மேல் வித்தியாசம் வந்தாலோ மறுபடி பார்ப்பார்கள். மறுபடியும் அப்படியே இருந்தால் எக்கோ. 90-க்குக் கீழே என்றால் காத்திருக்காமல் உடனே எக்கோ. இது உடம்பு நீலம் பாயும் வகைகளைப் பிடிக்கும், சாதாரண வி.எஸ்.டி.யைப் பிடிக்காது.

டாக்டர் சத்தம் பெருசா கேக்குதுன்னாரு. அப்ப ஓட்டையும் பெருசா?

பல நேரம் நேர்மாறு. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது மடையை முழுக்கத் திறந்துவிட்டால் தண்ணீர் அமைதியாகப் போகும். ஒரு விரல் சந்து மட்டும் விட்டால் சீறும். சின்ன வி.எஸ்.டி. சீறும் சந்து. அதனால்தான் ஓட்டை தானாகச் சுருங்கும் காலத்தில் சத்தம் கூடுவதும் உண்டு. வீட்டில் பதறிப் போவார்கள், நாங்கள் எக்கோவில் பார்த்துவிட்டுச் சிரிப்போம். சத்தம் இருந்து ஒரேயடியாகக் குறைந்துபோனால் அதைப் பற்றிப் பின்னால் 'இனி மூட முடியாது' என்ற கேள்வியில் சொல்கிறேன். அது எப்போதும் நல்ல சேதி இல்லை.

எத்தனை மில்லிமீட்டர் இருந்தா ஆப்பரேஷன்? எங்க பிள்ளைக்கு 5, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு 3, அதுக்குப் போயி ஆப்பரேஷனாம்.

மில்லிமீட்டரை மட்டும் வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை. 3 கிலோ பிள்ளைக்கு 5 மி.மீ. பெரிய ஓட்டை, 30 கிலோ பிள்ளைக்கு அப்படி இல்லை. அதனால்தான் எக்கோவுக்கு முன்னால் எடையும் உயரமும் பார்க்கிறோம். "போன மாசம் பார்த்தோமே, அதையே போடுங்க" என்பார்கள், கூடாது. வால்வு, தமனி ஒவ்வொன்றின் அளவையும் இந்த உடம்பு வாகுக்கு இவ்வளவு இருக்க வேண்டும் என்ற கணக்கோடுதான் ஒப்பிடுவோம்.

அடுத்தது, ஓட்டையால் இருதயத்துக்கு என்ன ஆகியிருக்கிறது என்பது. இடப்பக்க அறைகள் வீங்கியிருந்தால் நுரையீரலுக்கு ரத்தம் அதிகம் போய்த் திரும்புகிறது என்று அர்த்தம். அழுத்தத்தையும் கணக்குப் போடலாம். ஓட்டை வழியே ரத்தம் பாயும் வேகத்தை டாப்ளர் (எக்கோவில் வேகம் அளக்கும் முறை) காட்டும், அதை அதே எண்ணால் பெருக்கி 4-ஆல் பெருக்கினால் இரண்டு அறைக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் வரும். வேகம் விநாடிக்கு 4 மீட்டர் என்றால் வித்தியாசம் 64. பிள்ளையின் ரத்த அழுத்தம் 90 என்றால் வலப்பக்க அறையில் 26 மட்டுமே, நிம்மதி. வேகம் 2 மீட்டர்தான் என்றால் வித்தியாசம் 16. அப்படியானால் வலப்பக்கம் 74. நுரையீரல் அந்த அடியை வாங்கிக்கொண்டிருக்கிறது. ரெண்டு பிள்ளைக்கும் ஓட்டை ஒரே அளவாகக்கூட இருக்கலாம்.

மூன்றாவது, இடம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் 3 மி.மீ. நுரையீரல் வால்வுக்கு நேர் கீழே இருந்திருக்கலாம். ஆசியப் பிள்ளைகளிடம் இந்த வகை கூடுதலாகக் காணப்படுகிறது. அங்கே இருக்கும் ஓட்டை சின்னதென்றாலும் தானாக மூடாது. பக்கத்தில் இருக்கும் மகாதமனி வால்வின் இதழை அந்தப் பாய்ச்சல் உள்ளே இழுக்கும், இதழ் தொங்கும், வால்வு ஒழுக ஆரம்பிக்கும். ஒழுகும் முன்னால் ஓட்டையைத் தைத்துவிட்டால் வால்வு பிழைக்கும். அதனால் ரிப்போர்ட்டில் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் "எந்த இடத்துல?" என்று கேளுங்கள்.

தானா மூடிரும்னு சொல்லுதாங்க. அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் வரச் சொல்லுதாங்க?

சுவரின் தசைப் பகுதியில் இருக்கும் சின்ன ஓட்டைகளில் பெரும்பாலானவை முதல் சில வருஷத்தில் மூடிக்கொள்ளும். மூடியதா, மூடாவிட்டால் அறை வீங்குகிறதா, மேலே சொன்ன இதழ் தொங்குகிறதா என்று பார்க்கத்தான் வரச் சொல்வது. வெளியே பிள்ளை ஓடியாடித் திரிவதை வைத்து இதில் எதையும் சொல்ல முடியாது. "நல்லாத்தான் விளையாடுதான்" என்று ஐந்து வருஷம் வராமல் இருந்து, வால்வு ஒழுகலோடு வந்த பிள்ளையை நானே பார்த்திருக்கிறேன்.

எக்கோ எடுத்தாச்சு, இப்ப சி.டி.யும் எடுக்கணுமாம். மொத எடுத்த எக்கோ தப்பா? காசுக்காகவா?

பெஞ்சில் கோபமாகக் கேட்கப்படும் கேள்வி இது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கேள்வி உண்டு. எக்கோவின் ஒலி காற்றைத் தாண்டாது, எலும்பையும் தாண்டாது. நுரையீரல் முழுக்கக் காற்று. அதனால் இருதயத்துக்குள் இருப்பதை எக்கோ அச்சாகக் காட்டும். வெளியே நுரையீரலுக்குள் பிரிந்து போகும் தமனிக் கிளைகள், முதுகுப் பக்கம் ஓடும் மகாதமனி, தப்பான இடத்தில் வந்து சேரும் சிரைகள் இவை அதற்கு எட்டாமல் போகலாம். நான் புரோபை எவ்வளவு வளைத்துப் பிடித்தாலும் அங்கே கறுப்புத்தான்.

ஃபாலோட் என்று ஒரு குறை இருக்கிறது. நாலு கோளாறு சேர்ந்தது, பிள்ளை அழுதால் உதடு நீலமாகும். நுரையீரலுக்குப் போகும் பாதை குறுகியிருக்கும். ஆப்பரேஷனில் அந்தப் பாதையைக் கீறி அகலப்படுத்துவார்கள். நூற்றில் ஐந்து பேர் அளவுக்கு, இருதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் கரோனரி தமனி ஒன்று சரியாக அந்தக் கீறல் விழும் இடத்துக்குக் குறுக்கே ஓடும். தெரியாமல் அதைக் கீறினால் பெரிய ஆபத்து. தமனிக் கிளைகள் ரொம்ப ஒல்லியாக இருந்தால் முழு ஆப்பரேஷன் இப்போது வேண்டாம், முதலில் ஒரு இணைப்புக் குழாய் மட்டும் வைத்துக் கிளைகள் பெரிதாகட்டும் என்று திட்டமே மாறும். நெஞ்சைத் திறந்த பிறகு கண்டுபிடிப்பதைவிட முந்தின வாரமே சி.டி.யில் தெரிவது நல்லதா இல்லையா?

சரி, எல்லாருக்கும் சி.டி. வேண்டுமா? வேண்டாம். எளிய ஏ.எஸ்.டி., வி.எஸ்.டி. பிள்ளைகளில் பெரும்பாலோர் எக்கோவை மட்டும் வைத்தே தியேட்டருக்குப் போகிறார்கள். யாராவது இன்னொரு சோதனை எழுதினால், "எக்கோவில் தெரியாத எது இதில் தெரியணும்?" என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்தாலும் கேளுங்கள்.

சி.டி.யில கதிர் இருக்குல்லா? கூடங்குளத்துக்கே பயந்தவுக நாங்க. எம்.ஆர்.ஐ.யே எடுத்துரலாமே?

ராதாபுரம் பக்கத்து அம்மா ஒருத்தி இப்படித்தான் கேட்டாள், சிரிக்காமல். கதிர் உண்டுதான். நல்ல இயந்திரத்தில், பிள்ளைக்குத் தகுந்தபடி குறைத்து எடுத்தால் 1 அல்லது 2 மில்லி சீவர்ட்டுக்குள் (கதிரை அளக்கும் அலகு) முடிக்கலாம். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு மனிதனுக்கு வருஷத்தில் சராசரியாகக் கிடைப்பதே 2.4 மில்லி சீவர்ட். ஆனாலும் பிள்ளை உடம்பு வளரும் உடம்பு, அதனால் தேவை இல்லாமல் எடுக்கக் கூடாது. ஏற்கெனவே எடுத்த சி.டி. இருந்தால் காட்ட வேண்டும்.

எம்.ஆர்.ஐ.யில் கதிர் இல்லை. ஆனால் சி.டி. சில விநாடியில் முடியும், எம்.ஆர்.ஐ.க்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம் அந்தக் குகைக்குள் அசையாமல் படுக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கு அது மயக்கம் கொடுத்தால்தான் நடக்கும், நீலம் பாயும் பிள்ளைக்கு மயக்கமே ஓர் ஆபத்து. பிறந்த சில மாதங்களுக்குள் என்றால் பால் கொடுத்துத் துணியில் இறுகச் சுற்றித் தூங்க வைத்து எடுக்கும் வழியும் உண்டு. எம்.ஆர்.ஐ.யின் அருமை தெரிவது ஆப்பரேஷன் முடிந்து பல வருஷம் கழித்து. அதைப் பின்னால் 'சின்ன லீக்' கேள்வியில் பாருங்கள்.

தொடை வழியா டிவைஸ் வச்சு அடைக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரு. இன்னொருத்தர் நெஞ்சைத் தொறக்கணும்ங்காரு. யாரு சொல்றது சரி?

ஓட்டையின் விளிம்பைக் கேளுங்கள், அது சொல்லும். டிவைஸ் என்பது இரண்டு வட்டத் தட்டு, நடுவில் இடுப்பு, நிக்கலும் டைட்டானியமும் கலந்த கம்பி வலை. மெல்லிய குழாய்க்குள் மடங்கிப் போய் இருதயத்துக்குள் குடை மாதிரி விரியும். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. தட்டு பிடித்துக்கொள்ள ஓட்டையைச் சுற்றிச் சுவர் வேண்டும், சுமார் 5 மி.மீ.யாவது. மேலறைச் சுவரின் நடுவில் ஓட்டை இருந்து சுற்றிலும் விளிம்பு இருந்தால் டிவைஸ் வைக்கலாம். அடியில் வால்வை ஒட்டி இருந்தாலோ, மேலே பெருஞ்சிரை வந்து சேரும் இடத்தில் இருந்தாலோ ஒரு பக்கம் பிடிமானமே இல்லை, வழக்கமான டிவைஸ் அங்கே நிற்காது. பெருஞ்சிரைப் பக்கத்து ஓட்டை நெஞ்சு மேல் எடுக்கும் எக்கோவில் தப்பிவிடுவதும் உண்டு. வலப்பக்க அறை வீங்கியிருக்கிறது, ஓட்டையைக் காணோம் என்றால் டாக்டர் விடமாட்டார். உணவுக்குழாய் வழியே சின்னப் புரோபை இறக்கிப் பின்பக்கத்திலிருந்து பார்ப்பார், அல்லது சி.டி. எழுதுவார்.

டிவைஸ் வைக்கும்போது காத் லேபில் (தொடை வழியே இருதயத்துக்குக் குழாய் விடும் அறையில்) இரண்டு படம் சேர்ந்தே ஓடும். எக்ஸ்ரே திரையில் கம்பி தெரியும், சுவர் தெரியாது. உணவுக்குழாய் எக்கோவில் சுவர் தெரியும். ஒரு தடவை உதவிக்கு நின்றபோது பார்த்தேன்: இரண்டு தட்டும் விரிந்த பிறகு டாக்டர் கம்பியை மெதுவாக முன்னும் பின்னும் இழுத்தார், சுவர் கூடவே ஆடியது, டிவைஸ் நகரவில்லை. எக்கோ பார்த்தவர் "அஞ்சு பக்கமும் பிடிச்சிருக்கு" என்ற பிறகுதான் கம்பியைத் திருகிக் கழற்றினார்.

காத் பண்ணிப் பாத்துட்டு 'இனி மூட முடியாது'ன்னுட்டாங்க. ஓட்டை இருக்கே, ஏன் மூடக் கூடாது?

இந்தப் பதிலைச் சொல்லும்போது நான் யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டேன். பெரிய ஓட்டையை மூடாமல் விட்டால் நுரையீரல் குழாய்கள் அந்த அழுத்தத்தை வருஷக் கணக்கில் தாங்கித் தாங்கித் தடித்துப்போகும். ஒரு கட்டத்துக்கு மேல் அவை இளகாது. அப்போது வலப்பக்க அழுத்தம் இடப்பக்கத்துக்குச் சமமாகும், பாய்ச்சல் நிற்கும், சத்தம் குறையும் (சத்தம் பற்றிய கேள்வியில் சொன்னது இதுதான்). மூச்சு வாங்குவதும் கொஞ்சம் குறையும். வீட்டில் குணமாகிவிட்டது என்று நினைப்பார்கள். அப்புறம் ரத்தம் எதிர்ப்பக்கம் ஓடி உதடும் நகமும் நீலமாகும். அந்த நிலையில் ஓட்டைதான் வலப்பக்கத்துக்கு மூச்சு விடும் சன்னல். மூடினால் வலப்பக்கம் தாங்காது.

எக்கோ அழுத்தத்தைச் சொல்லும், நுரையீரல் குழாய்கள் இன்னும் இளகுமா என்று உறுதியாகச் சொல்லாது. அதற்குத்தான் காத். தொடைச் சிரை வழியே குழாய் விட்டு அழுத்தத்தையும் ஆக்சிஜனையும் அறை அறையாக எடுத்து, ஆக்சிஜன் கொடுத்துப் பார்த்து மறுபடி அளப்பார்கள். அழுத்தம் இறங்கினால் மூடலாம், இறங்காவிட்டால் மருந்து.

"ஒரு வயசு ஆகட்டும், 10 கிலோ வரட்டும்" என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. பெரிய வி.எஸ்.டி.க்கு அந்தப் பேச்சு பொருந்தாது. அந்தப் பிள்ளைக்கு எடை ஏறாததே ஓட்டையால்தான். முதல் வருஷத்துக்குள், பல நேரம் ஆறு மாதத்துக்குள்ளேயே மூடச் சொல்வார்கள்.

ஆப்பரேஷன் நடக்கும்போதும் எக்கோ பாப்பாங்களாமே, அது எதுக்கு?

தைத்தவர் கண் முன்னால் பார்த்த இருதயம் நின்றுபோன, ரத்தம் இல்லாத இருதயம். துடிக்கும்போது ஒழுகுகிறதா என்று அதில் தெரியாது. ஆகவே தைத்து முடித்து, இருதயம் மறுபடி துடிக்க ஆரம்பித்ததும், நெஞ்சை மூடும் முன்னால், உணவுக்குழாய்ப் புரோபில் பார்ப்பார்கள். பெரிய ஒழுகல் மிச்சம் இருந்தால் அங்கேயே மறுபடி சரிசெய்துவிடலாம். ரொம்பச் சின்னப் பிள்ளைக்குப் புரோப் இறங்காது. அப்போது கிருமியில்லாத உறை போட்டு இருதயத்தின் மேலேயே புரோபை வைத்துப் பார்ப்பது உண்டு.

ஆப்பரேஷன் முடிஞ்ச ரிப்போர்ட்டுல இன்னும் 'சின்ன லீக்'னு போட்டுருக்கு. சரியாத் தைக்கலியா?

ஒட்டுத் துணியின் ஓரத்தில் 1, 2 மி.மீ. ஒழுகல் பலருக்கும் இருக்கும். தையலின் மேல் சதை வளர்ந்ததும் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். மில்லிமீட்டர் கேள்வியில் சொன்ன அதே கணக்குத்தான்: அறை வீங்குகிறதா, அழுத்தம் ஏறுகிறதா? இரண்டும் இல்லை என்றால் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஃபாலோட் பிள்ளைகள் விஷயம் கொஞ்சம் வேறு. பாதையை அகலப்படுத்தியதில் நுரையீரல் வால்வு பலருக்கு ஒழுகும். பத்து, பதினைந்து வருஷம் தாங்கும், படிப்பான், கிரிக்கெட் ஆடுவான். ஆனால் வலப்பக்கக் கீழறை மெல்ல மெல்லப் பெருத்துக்கொண்டே போகும். அந்த அறையின் வடிவம் கோணல்மாணலானது, எக்கோவில் அதன் கொள்ளளவைச் சரியாக அளக்க முடியாது. எம்.ஆர்.ஐ. மில்லிலிட்டர் கணக்கில் சொல்லும். புது வால்வை எப்போது வைப்பது என்பது பெரும்பாலும் அந்த எண்ணை வைத்துத்தான். ஆகவே "ஆப்பரேஷன் முடிஞ்சு போச்சு" என்று ஃபைலைப் பரணில் போட்டுவிடாதீர்கள்.

மூத்தவனுக்கு இப்படி. அடுத்ததுக்கும் வருமா? சொந்தத்துல கட்டுனதாலதான் வந்துச்சுன்னு மாமியார் சொல்லுதாங்க.

பிறக்கும் 1000 குழந்தைகளில் 8 முதல் 10 பேருக்கு ஏதாவது ஒரு இருதயக் குறை இருக்கும். சொந்தத்தில் கட்டாதவர்கள் பிள்ளைகள்தான் அதில் பெரும்பாலோர். தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டினால் வாய்ப்பு கொஞ்சம் கூடும் என்பது உண்மை. அதை வைத்து இந்தப் பிள்ளைக்கு இதனால்தான் வந்தது என்று கை நீட்ட முடியாது. கிரகணத்தில் வெளியே வந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மூத்ததற்கு இருந்தால் அடுத்ததற்கு வரும் வாய்ப்பு பெரும்பாலும் நூற்றில் 2, 3 என்ற அளவு. மீதி 97 பேருக்கு வராது.

அடுத்து மாசமானால் 18 முதல் 22 வாரத்துக்குள் வயிற்றுக் குழந்தைக்கு எக்கோ எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இருதயம் அப்போது ஒரு திராட்சைப் பழம் அளவுதான், ஆனாலும் நாலு அறையும் தெரியும். பெரிய குறை என்று முன்னாலேயே தெரிந்தால் பிரசவத்தை எந்த ஊரில் வைத்துக்கொள்வது என்று திட்டம் போடலாம். பெருந்தமனிகள் இடம் மாறிப் பிறக்கும் பிள்ளைக்கு அது உயிர்ப் பிரச்சினை. பிறந்த சில மணி நேரத்திலேயே மேலறைச் சுவரில் பலூனால் வழி திறக்க வேண்டி வரலாம், அதையும் படுக்கையிலேயே எக்கோ பார்த்துக்கொண்டே செய்வார்கள். ஆணா பெண்ணா என்று மட்டும் எங்களிடம் கேட்காதீர்கள். சொன்னால் ஜெயில்.

இதுக்கெல்லாம் எங்க போகணும்? பீடி சுத்துற வீடுக்கா, அவ்வளவு காசுக்கு எங்க போக?

பெரிய ஆப்பரேஷனுக்கு இங்கிருந்து மதுரை, சென்னை, திருவனந்தபுரம் என்று அனுப்புவார்கள். திருவனந்தபுரம் என்றால் பெரும்பாலும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம், அதைத்தான் ஊரில் "சித்ரா" என்கிறோம். பணத்துக்கு முதலில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை: வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் வேண்டும். அட்டை இல்லை என்று ஆப்பரேஷன் தேதிக்கு முந்தின நாள் சொல்லாதீர்கள், இன்றைக்கே எழுதிப் போடுங்கள். போகும் ஆஸ்பத்திரி அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று காப்பீட்டு கவுண்டரில் கேட்டுக்கொண்டு பஸ் ஏறுங்கள்.

அங்கன்வாடிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பிள்ளைகளைப் பார்க்க ஒரு மருத்துவக் குழு வரும். 2013-ல் தொடங்கிய சிறார் நலத் திட்டம், 18 வயது வரைக்கும் உண்டு. அவர்கள் சீட்டு எழுதிக் கொடுத்தால் பல கதவு சுலபமாகத் திறக்கும். அந்தச் சீட்டை வாங்கிவிட்டு "நமக்கெதுக்கு" என்று விட்டவர்களும் இருக்கிறார்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகையில என்னென்ன கொண்டு போகணும்? போன தடவ மறுபடியும் முதல்ல இருந்து எக்கோ எடுத்தாங்க.

எக்கோவை மறுபடி எடுப்பது பெரும்பாலும் சரிதான். ஆப்பரேஷன் செய்பவர் தன் கூட வேலை பார்ப்பவர் கண்ணால் பார்த்ததைத்தான் நம்புவார். எனக்கும் முதலில் அது குறையாகப் பட்டது, இப்போது இல்லை. சி.டி.யையும் எம்.ஆர்.ஐ.யையும் மட்டும் மறுபடி எடுக்க விடக் கூடாது. அதற்கு ஃபிலிம் போதாது, படம் பதிந்த டிஸ்க்கோ பென்டிரைவோ வேண்டும். அதில்தான் முழுப் படமும் இருக்கும், அங்கே அதைக் கம்ப்யூட்டரில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். எடுத்த இடத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு ஸ்கேன் சென்டரில் ஃபிலிமை மட்டும் கொடுத்து அனுப்பி, மூன்று மாதம் கழித்துக் கேட்டால் "அழிச்சாச்சு" என்றார்கள். அந்தப் பிள்ளைக்கு மறுபடி ஊசி, மறுபடி மருந்து.

தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் அன்றைய எடையை எழுதிவையுங்கள். பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் பேப்பர், தடுப்பூசி அட்டை எல்லாம் கூடவே. அப்புறம் ஒன்று, எக்கோப் படத்தை லேமினேட் பண்ணாதீர்கள். அது வெப்பத்தில் அச்சாகும் தாள். மேலப்பாளையத்திலிருந்து ஓர் ஆச்சி, பேரனின் படங்கள் கசங்கக் கூடாதென்று ஒன்பதையும் கடையில் கொடுத்து லேமினேட் செய்து, பளபளவென்று ஒரு கட்டாகக் கட்டிக் கொண்டுவந்தாள். பிரித்துப் பார்த்தேன். ஒன்பதும் கன்னங்கரேல் என்று இருந்தன.